தீப்பெட்டிக்குள் வந்த குயில் தேனீ

சென்ற மாதம் ஒரே படம் என் கைப்பேசிக்கு ஏழெட்டுப் பேரிடமிருந்து வந்தது. கறுப்பு உடம்பில் வெளிர்நீலப் புள்ளிகள் கொண்ட ஒரு பூச்சி. அதன் கீழே, கடித்தால் மரணம், உடனே எல்லோருக்கும் அனுப்புங்கள் என்று சிவப்பு எழுத்து. நான் தோட்டக்கலைத் துறையில் களப்பணிக்குச் சேர்ந்து, பெரும்பாலும் சங்கரன்கோவில் வட்டாரத்திலேயே வேலை பார்த்து, உதவி அலுவலராக ஓய்வு பெற்றவள். அதனால் பூச்சிப் படம் என்றால் இன்னும் எனக்குத்தான் வரும். கடைசியில், இப்போது என் இடத்தில் இருக்கும் இசக்கியம்மாளும் அதையே அனுப்பிவிட்டு அழைத்தாள்.

"எக்கா, ஆப்புல போட்டா குயில் தேனீன்னு வருது. ஊர்ல எல்லாம் பயந்து கெடக்காவ. இது கொட்டுமா கொட்டாதா, ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"ஒரே வார்த்தையில சொல்ல முடியாது, இசக்கி."

"அப்போ எழுதிக் குடுங்க. புதுசா வந்திருக்க பிள்ளைகளுக்கும் ஆவும்."

எழுத உட்கார்ந்தபோதுதான், இந்தப் பூச்சியைப் பற்றி எழுத வேண்டுமானால் மாரியம்மாளைப் பற்றியும் எழுத வேண்டும் என்று புரிந்தது. அவளிடம் கேட்டேன். "தாராளமா எழுதுங்க, நான் என்ன களவா எடுத்தேன்" என்றாள். ஊர்ப்பெயரை மட்டும் விட்டிருக்கிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. புழுவை அடையாளம் காணவும், எந்தப் புழுவுக்கு எந்த மருந்து என்று ஒப்பிக்கவும் கற்றுக்கொண்டோம். பயிரைத் தின்னும் பூச்சிகள் அத்தனைக்கும் பெயர் தெரியும். தின்னாத பூச்சிகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நாங்களும் படிக்கவில்லை. அந்தப் பாடம் எனக்கு வேலையில் பாதி தூரம் வந்த பிறகு, உதவி இயக்குநராக வந்த செல்வின் சாரிடம் தொடங்கியது.

அவர் என்னைவிட வயதில் சிறியவர். தூத்துக்குடிப் பக்கம். அலுவலகத்தில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. சன்னலோரம் நின்றபடியே பேசுவார், நின்றபடியே கையெழுத்துப் போடுவார். குரல் உயராது. நாம் எதைச் சொன்னாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "பாத்ததா, கேட்டதா?"

முதல் முறை எனக்குக் கோபம் வந்தது. புளியங்குடிப் பக்கம் எலுமிச்சையில் இலைச்சுருட்டு பரவியிருக்கிறது என்று சொன்னேன். கேள்வி வந்தது. "விவசாயிங்க சொன்னாங்க சார்" என்றேன். "சரி, அப்போ விவசாயிங்க சொன்னாங்கன்னு சொல்லுங்க. பாத்துட்டு வந்து பரவியிருக்குன்னு சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான். திட்டு இல்லை, சிரிப்பும் இல்லை. அன்று வெயிலில் மறுபடி புளியங்குடிக்குப் போனேன். நான்கு தோப்புகளில் ஒன்றில்தான் இருந்தது.

அவரோடு ராயகிரிப் பக்கம் ஒரு கத்தரித் தோட்டத்துக்குப் போனபோதுதான் இந்தத் தேனீயை முதலில் பார்த்தேன். பூ நிறையப் பூக்கிறது, காய் பிடிக்கவில்லை என்று ஒருவர் புகார் சொல்லியிருந்தார். அவர் வேலிக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் தோட்டம். அங்கே செடி தாங்காமல் காய். இரண்டு பேருக்கும் ஒரே விதை, ஒரே கிணற்றுத் தண்ணீர். செல்வின் சார் மருந்துக் கடைக்காரரைப் பற்றியோ உரத்தைப் பற்றியோ பேசவில்லை. காய்த்த தோட்டத்து வரப்பில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். குடையை விரிக்க விடவில்லை, நிழல் விழுந்தால் பூச்சி போய்விடுமாம். நானும் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு தேனீ வந்தது. வயிற்றில் நீல வரிகள். பூவின் நடுவில் இருக்கும் மஞ்சள் மகரந்தக் குழல்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவிட்டது. மிக்சி ஓடுவதுபோல் ஒரு சத்தம். கத்தரிப் பூவில் மகரந்தம் உப்புக் குப்பிக்குள் இருப்பதுபோல் குழலுக்குள் அடைந்து கிடக்கும். குலுக்கினால்தான் நுனித் துளை வழியாகக் கொட்டும். சாதாரணத் தேனீக்கு அந்தக் குலுக்கல் தெரியாது. இதற்குத் தெரியும்.

அது போன வழியிலேயே நாங்களும் போனோம். தோட்டத்தை ஒட்டிய ஓடைக் கரையில், மழைத்தண்ணீர் அரித்த மண் சுவரில், விரல் நுழையாத அளவுக்குச் சின்னச் சின்னப் பொந்துகள். ஒவ்வொன்றும் ஒரு பெண் தேனீயின் வீடு. உள்ளே சிறு குடங்கள் போல அறைகள் செய்து, நீர் ஊறாமல் மெழுகு போன்ற ஒன்றைப் பூசி, மகரந்தத்தையும் தேனையும் கூழாகக் கரைத்து நிரப்பி, அதன்மேல் ஒரு முட்டையிட்டு மூடிவிடும். புகார் சொன்னவர் தோட்டத்துப் பக்கம் ஓடைக் கரையைச் சிமெண்டு பூசியிருந்தார்கள். புகாருக்கு விடை அதுதான்.

கிளம்பலாம் என்று எழுந்தேன். சார் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். பொந்துகளுக்குச் சற்றுத் தள்ளி ஒரு காய்ந்த குச்சியில் வேறொரு பூச்சி அசையாமல் இருந்தது. கன்னங்கறுப்பு. அதன்மேல் நீலச் சுண்ணாம்பால் பொட்டு வைத்ததுபோல் வரிசையாகப் புள்ளிகள். கோயில் யானைக்கு முகம் எழுதியதுபோல் அவ்வளவு அழகு. கால்களில் மகரந்தம் சுமக்கும் முடிக்கற்றை இல்லை. அது பூவுக்குத் தேன் குடிக்கப் போகுமே தவிர, பிள்ளைக்காக எதையும் சுமந்து வராது.

நீலவரித் தேனீ பொந்தைவிட்டுப் பறந்ததும் குச்சியிலிருந்தது எழுந்தது. ஒவ்வொரு பொந்தின் முன்னாலும் நின்று நின்று பார்த்து, ஒன்றுக்குள் நுழைந்தது. சீக்கிரமே வெளியே வந்து மறுபடி குச்சியில் உட்கார்ந்துகொண்டது.

"உள்ள என்ன செஞ்சிருக்கும் சார்?"

"முட்டை வச்சிருக்கும். மூடின அறையைக் கொஞ்சம் பேத்து, தன் முட்டையை உள்ள வச்சு, திரும்ப மூடிரும். இதோட புழு பொரிச்சு வரும்போதே வாயில அரிவாள் மாதிரி ரெண்டு தாடை இருக்கும். வீட்டுக்காரியோட பிள்ளையை முதல்ல கொல்லும். அப்புறம் அதுக்கு வச்ச சாப்பாட்டைத் தின்னு வளரும்." பொந்தைக் கையால் காட்டி, "இது நான் படிச்சது. நுழைஞ்சது வரைக்கும்தான் நாம பாத்தது" என்றார்.

காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடுவது நமக்குத் தெரிந்த கதை. அதனால்தான் இதற்குக் குயில் தேனீ என்று பெயர். எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. பொந்துக்காரிக்கு உதவ இதைக் கொன்றுவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். இது பிழைக்க வேண்டுமானால் நீலவரித் தேனீ நிறைய இருக்க வேண்டும். இதைப் பார்த்தால், அங்கே பொந்துகள் செழித்திருக்கின்றன என்று தெரிந்துகொள்ளலாம் என்றார். அன்று மாலை இருட்டுமுன் அவர் காட்டிய இன்னொன்றையும் மறக்க முடியாது. கூடு இல்லாத பூச்சிக்கு வீடு ஏது? ஒரு கோரைத் தண்டில் நான்கைந்து குயில் தேனீக்கள், தண்டை வாயால் கவ்விக்கொண்டு, கால்களை மடக்கி, தொங்கியபடியே தூங்கிக்கொண்டிருந்தன.

இதற்குச் சில வருடங்கள் கழித்து, ஓர் ஆடி மாதம். கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியிருந்தது. ஊருக்குள் பேருந்துகளை மாற்றிவிட்டிருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அரசு மருத்துவமனையிலிருந்து டாக்டர் ஷாகிதா அழைத்தார். கடையநல்லூர்க்காரர். பூச்சிமருந்து பற்றிய முகாம்களில் நாங்கள் சேர்ந்து பேசியிருக்கிறோம்.

"மேடம், ஒரு பொம்பளையைக் கொண்டு வந்திருக்காங்க. வண்டு கடிச்சிருச்சின்னு வண்டையும் தீப்பெட்டியில போட்டுக் கொண்டு வந்திருக்காங்க. எனக்குக் கடி மாதிரி தெரியல. உடனே வர முடியுமா?"

ஸ்கூட்டரைத் தேர் வீதிக் கூட்டத்தில் ஓட்ட முடியாது என்பதால் சந்து வழியாகப் போனேன். வார்டு வாசலிலேயே அந்தப் பெண்ணின் மாமியார் தரையில் உட்கார்ந்திருந்தார். கோமதியம்மாள் என்று பெயர். பக்கத்தில் மகன் வேலுச்சாமி, சட்டையில்லாமல், தோளில் துண்டோடு. இரண்டு பேரையும் எனக்குத் தெரியும். வீட்டை ஒட்டி அரை ஏக்கர் கத்தரி போட்டிருந்தார்கள். மருமகள் மாரியம்மாள்தான் அந்தத் தோட்டத்தையே பார்த்துக்கொள்வாள். என்னைப் பார்த்ததும் கோமதியம்மாள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தாயி, நீங்களே சொல்லுங்க. தொழுவத்துச் செவத்துல கெடந்த விஷவண்டு கடிச்சிட்டு. எம்மருமவ ஒண்ணும் செய்யல. நான் ஒண்ணும் சொல்லல அவள."

கடைசி வாக்கியம் எனக்கு விளங்கவில்லை. உள்ளே போனேன்.

மாரியம்மாள் கட்டிலில் வேர்த்துக் கொட்டிக் கிடந்தாள். சேலை நனைந்திருந்தது. கடைவாயில் எச்சில் வழிந்துகொண்டே இருந்தது. கன்னத்துச் சதை தன்னால் துடித்தது. முழங்கைக்குக் கீழே கோயில் புற்றுமண்ணைக் கரைத்துப் பூசியிருந்த தடம். டாக்டர் அதைத் துடைத்துக் காட்டினார். ஒரு கீறல் இருந்தது. வீக்கம் இல்லை, சிவப்பும் இல்லை.

"கண்ணைப் பாருங்க" என்று டார்ச் அடித்தார். கண்மணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. "நாடி இறங்குது. இது பூச்சிமருந்து விஷம்னுதான் எனக்குத் தோணுது. விஷத்துக்கு மாத்து ஊசி கொஞ்சம் கொஞ்சமாப் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். கொஞ்சம் ஏறுது, திரும்ப இறங்குது. குடிச்சிருந்தா எந்த மருந்து, எவ்வளவுன்னு தெரியணும். வீட்டுக்காரங்க சத்தியம் பண்றாங்க, வீட்ல மருந்தே கிடையாதாம். வாயிலயும் மருந்து வாடை இல்ல."

தீப்பெட்டியை வாங்கி சன்னலோரம் வெளிச்சத்துக்குக் கொண்டு போனேன். திறந்ததும் தெரிந்தது. கறுப்பு உடம்பு, நீலப் பொட்டுகள். நான் எப்போதும் கைப்பையில் வைத்திருக்கும் லென்ஸை எடுத்தேன்.

தேனீக்களில் கொடுக்கு என்பது முட்டையிடும் உறுப்பிலிருந்து வந்தது. ஆகவே பெண்ணுக்குத்தான் கொடுக்கு உண்டு, ஆணுக்கு எந்த இனத்திலும் கிடையாது. பெண்ணா ஆணா என்று பார்க்க உணர்கொம்பின் கணுக்களை எண்ணினால் போதும். பெண்ணுக்குப் பன்னிரண்டு, ஆணுக்குப் பதின்மூன்று. தீப்பெட்டியைச் சன்னல் கட்டையில் வைத்துவிட்டு எண்ணினேன். பதின்மூன்று. சந்தேகம் தீர மறு கொம்பையும் எண்ணினேன். பதின்மூன்று. வயிற்றின் நுனியும் பெண்ணுக்குப்போல் கூராக இல்லை.

எண்ணும்போதே இன்னொன்றும் கண்ணில் பட்டது. நீல முடிகளுக்கு இடையில், இறக்கை மடிப்பில், கால்களில், மாவு போல வெள்ளைத் தூள். மகரந்தம் இப்படி வெள்ளையாக இருக்காது. சுவர் மண் செம்மண். தீப்பெட்டியை மூக்குக்கு அருகே கொண்டு வரவே வேண்டியிருக்கவில்லை. அந்தக் காலத்தில் பருத்திக்குத் தூவிய மருந்துத் தூளின் பூண்டு வாடை எனக்கு நன்றாகத் தெரியும்.

ஓடிப் போய் டாக்டரிடம், இது கொட்டவே முடியாத பூச்சி, இவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று சொல்ல வாய் துடித்தது. பாத்ததா, கேட்டதா என்ற கேள்வி காதில் விழுந்தது. சாரைக் கைப்பேசியில் அழைத்தேன். இரண்டே வாக்கியத்தில் சொன்னேன்.

"இந்தப் பூச்சி கொட்டலங்கிறது நீங்க பாத்தது" என்றார். "வேற பூச்சி கொட்டலங்கிறது நமக்குத் தெரியாது. அவங்க பொய் சொல்றாங்கங்கிறதும் தெரியாது. தூள் இருக்குது, அது பாத்தது. முதல்ல தூளை மட்டும் டாக்டர்கிட்டச் சொல்லுங்க. அப்புறம் அந்தத் தூள் எங்க இருந்து வந்துச்சுன்னு வீட்டுக்காரர்ட்ட கேளுங்க. மருந்துங்கிற வார்த்தையைச் சொல்லாதீங்க."

தூளைச் சொன்னேன். டாக்டர் உடனே மாரியம்மாளின் கையைத் தூக்கி நகக்கண்களைப் பார்த்தார். நான் வாசலுக்கு வந்து வேலுச்சாமி பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வேலு, தொழுவத்துச் செவத்துக்கு என்ன தூவுன?"

அவன் தாயைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னான். "பொந்து பொந்தா இருக்குன்னு, பழைய பருத்தித் தூளு கூரை எரவாணத்துல கெடந்துச்சு, அத எடுத்து நேத்து அடிச்சேன் மேடம். வண்டு சாவட்டும்னுதான். அவளுக்குத் தெரியாது. இன்னைக்குக் காலையில அவ சாணியும் மண்ணும் பெசஞ்சு அந்தப் பொந்தெல்லாம் மெழுகிட்டு இருந்தா."

"வெறுங்கையாலயா?"

"ஆமா. அப்பறம் கையக் கழுவிட்டு வந்து கஞ்சி குடிச்சா. அதுக்கப்பறந்தான் மயக்கம்னா."

"இத ஏன் டாக்டர்ட்ட சொல்லல?"

பதில் கோமதியம்மாளிடமிருந்து வந்தது. "மருந்து மருந்துன்னு கேட்டாவ. மருந்துன்னு ஒத்துக்கிட்டா, குடிச்சிட்டான்னு எழுதிருவாவ. போலீசு வரும். நேத்து அவளுக்கும் எனக்கும் வாய்த்தகராறு. தெருவே கேட்டுச்சு. மாமியாக்காரி கொடுமையில மருமவ மருந்தக் குடிச்சிட்டான்னு ஊரு சொல்லும். நான் எந்த மொகத்த வச்சிக்கிட்டு இருப்பேன்?" அவர் அழவில்லை. வாய் மட்டும் கோணிக்கொண்டது. "மெழுகும்போது கத்துனா. கையில வண்டு இருந்துச்சு. அதத்தான் சொன்னேன். நான் பொய் சொல்லல."

அவர் பொய் சொல்லவில்லைதான். அந்த ஆண் தேனீ, தன் தாய் முட்டையிட்ட பொந்தில் வளர்ந்து, தூவிய தூளுக்குள் நடந்து வெளியே வந்து, மெழுகிக்கொண்டிருந்தவள் கையில் விழுந்து செத்திருக்கிறது.

நான் உள்ளே திரும்புவதற்குள் டாக்டர் ஷாகிதா நகக்கண்ணில் இருந்த தூளை வைத்தே, விஷம் அதிலிருந்துதான் என்று முடிவெடுத்துவிட்டிருந்தார். வேலுச்சாமி சொன்னதை அவரிடம் சொன்னேன். "அதான் ஊசி போட்டும் நாடி நிலைக்க மாட்டேங்குது. விஷம் இன்னும் உடம்பு மேலேயே இருக்கு. தோல் வழியா ஏறிக்கிட்டே இருக்கு" என்றார். ஊசியின் அளவைக் கூட்டச் சொன்னார். செவிலியரும் நானும் கையுறை போட்டுக்கொண்டு, சேலையைக் கழற்றிப் பையில் கட்டினோம். சோப்பும் தண்ணீருமாக உடம்பு முழுக்கக் கழுவினோம். தலைமுடியை நான் கழுவினேன். வேர்வையைத் துடைத்துத் துடைத்து முன்முடியெல்லாம் சாணியும் தூளும் ஒட்டியிருந்தது. எத்தனை முறை தண்ணீர் மாற்றினோம் என்று நினைவில்லை. நகம் வெட்டினோம். காதுமடலுக்குப் பின்னால்கூடத் துடைத்தோம். டாக்டர் நாடியை விடாமல் பிடித்திருந்தார்.

வெயில் சாயும்போது எச்சில் வழிவது நின்றது. "நாடி நிலைச்சிருச்சு மேடம், இறங்கல" என்றார் டாக்டர். அப்போதுதான் நான் மதியம் சாப்பிடவில்லை என்று ஞாபகம் வந்தது. ஆம்புலன்சில் பாளையங்கோட்டைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

சில நாள் கழித்து நானும் செல்வின் சாரும் அங்கே பார்க்கப் போனோம். மாரியம்மாள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள். கோமதியம்மாள் பக்கத்தில் தண்ணீரோடு நின்றார். அந்த நேரம் பார்த்து ஒரு பெண் காவலர் விசாரணைக்கு வந்தார். எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். கதவு சாத்தவில்லை, எங்களுக்குக் கேட்டது.

"பயப்படாமச் சொல்லும்மா. வீட்ல சண்டையா? நீயாத் தின்னியா, யாரும் குடுத்தாங்களா?"

"சண்ட தெனமுந்தான் போடுவோம்" என்றாள் மாரியம்மாள். குரல் இன்னும் கம்மியிருந்தது. "அதுக்கு எதுக்கு நான் சாவணும்? கத்தரி இப்பத்தான் ரெண்டாம் பறிப்பு. இவுகள நம்பி விட்டா அம்புட்டும் முத்திப் போவும்."

கோமதியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார். மருத்துவமனைக்கு வந்த நாளிலிருந்து அவர் அழாமல் இருந்தார். அப்போதுதான் அழுதார். செல்வின் சாரும் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்த அபூர்வமான தருணங்களில் அது ஒன்று.

இதற்குள் ஊரில் கதை பரவி, மண்சுவர்ப் பொந்துகளையெல்லாம் தீ வைத்துப் பொசுக்குவதென்று பேச்சு. மாரியம்மாள் வீடு திரும்பிய வாரம், ஒரு சாயங்காலம் நாங்கள் போனோம். கத்தரி வரப்பில் கோரைத் தண்டைக் காட்டினேன். தண்டைக் கவ்விக்கொண்டு குயில் தேனீக்கள் தூங்கின. ஊர்க்கூட்டம் பத்தடி தள்ளியே நின்றது.

"பொட்டைக்குக் கொடுக்கு உண்டு" என்றேன். "பிடிச்சு நசுக்குனா கொட்டும், கட்டெறும்புக்கு ஒருபடி மேல வலிக்கும். சிலருக்கு எந்தத் தேனீ கொட்டினாலும் ஒத்துக்காது, அவங்க டாக்டர்ட்ட போவணும். தேடி வந்து யாரையும் கொட்டாது. மாரியம்மா உசுருக்கு வந்தது தூளு. அந்தத் தூளு யார் வீட்டு எரவாணத்துல எல்லாம் இருக்குன்னு சொல்லுங்க, அத நான் எடுத்துட்டுப் போறேன்."

மாரியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். தண்டருகே குனிந்து நெடுநேரம் பார்த்தாள்.

"இதுக்கு வீடே கெடையாதாக்கும்?"

"கெடையாது."

"அடுத்தவ வீட்ல பிள்ளையப் போட்டுட்டு இங்கன வந்து தூங்குது. கெட்டிக்காரிதான்" என்றாள். யாரோ சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருவர், "எங்க வீட்டுலயும் ஒரு பொட்டலம் கெடக்கு மேடம்" என்றார். இருட்டுவதற்குள் ஒரு பிளாஸ்டிக் வாளி நிறையப் பொட்டலங்கள் சேர்ந்தன. மூடிபோட்டுக் கட்டி ஜீப்பில் ஏற்றினோம்.

கிளம்பும்போது வீட்டுக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. எங்களுக்குக் காப்பி போடுவதா கலர் வாங்குவதா என்று தொடங்கி, பாலைத் திறந்து வைத்தது யார், பூனை குடித்தது யாரால் என்று ஏறிக்கொண்டே போனது. "ஏட்டி, நான் சொல்லுதது காதுல விழுதா" என்று கோமதியம்மாள். "விழாம என்ன, தெருக்கோடிக்கே விழுது" என்று மாரியம்மாள்.

வேலுச்சாமி வாசலுக்கு வந்து ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகமெல்லாம் சிரிப்பு.

"ஆரம்பிச்சிட்டாவ, மேடம்" என்றான்.